கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு

மகனுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, சென்னையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு தெரபி மையத்தின் தாழ்வாரத்தில் போடப்பட்டிருந்த மரப் பெஞ்சில் நான் உட்காரத் தொடங்கினேன். 2014இல் தொடங்கிப் பதினான்கு மாதங்கள், வாரத்துக்கு ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 45 நிமிடம் கொண்ட இரண்டு செஷன்கள் என்று என் பகல்கள் அந்தப் பெஞ்சிலேயே கழிந்தன. என்னுடன் ஏழெட்டு அம்மாக்களும் இரண்டு பாட்டிகளும் இருப்பார்கள். கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் காதைக் கொடுப்போம். தன் பிள்ளையின் குரல் இல்லை என்று தெரிந்தவர்கள் மூச்சை விடுவார்கள், விட்ட மறுகணமே பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

செஷன் முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் கைக்கு வரும். ‘சிட்டிங் நன்று’, ‘ஐ கான்டாக்ட் பரவாயில்லை’, ‘கலர் மேட்சிங் செய்தான்’ என்று இரண்டு மூன்று வரிகள் எழுதியிருப்பார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தின்படி, பெயர் சொன்னால் பன்னிரண்டு பொருட்களை அவன் எடுத்துத் தருவான். வீட்டிலோ, தாகமெடுத்தால் தரையில் விழுந்து அழுவான். எதற்கு அழுகிறான் என்று தெரியாமல் நான் பாலையும் பிஸ்கட்டையும் பொம்மையையும் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பன்னிரண்டு பொருட்களில் ஒன்றைக்கூட அவன் எனக்கு எடுத்துத் தந்ததில்லை. நானும் உள்ளே வந்து ஒரு நாள் பார்க்கலாமா என்று கேட்டபோது, ‘பேரன்ட்ஸ் உள்ள இருந்தா குழந்தைக்குக் கவனம் சிதறிடும் மேடம்’ என்றார்கள். அப்போது நான் அதை நம்பினேன். இன்று நம்பவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கான எந்தத் திட்டத்தையும் இப்போது நான் முதலில் அந்தக் கதவை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

சென்னைக்கு நாங்கள் வந்ததே இந்தத் தெரபிக்காகத்தான். ஊர் கும்பகோணம். இரண்டரை வயதுவரை அவன் பேசாதபோது, வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினோம், வேண்டுதல்கள் வைத்தோம். ‘அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்’ என்று என் மாமியார் சொன்னதில் எங்கள் எல்லோருக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. எவர்சில்வர் டப்பா மூடிகளைச் சுழலவிட்டு, அவை நடுங்கி நடுங்கி அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் இரண்டு தெரு தள்ளிப் போகும் ஐஸ் வண்டியின் மணியோசை அவனுக்குக் கேட்கும். மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்ன பிறகு, கணவர் வேலையை விட முடியாததால் அவர் ஊரிலேயே இருக்க, நானும் அவனும் மாமியாரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டுக்குக் குடிவந்தோம். அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்படி வேலூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பத்தை இரண்டாக்கிக்கொண்டு வந்தவர்கள்தாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மதிப்பீடு செய்தபோது, இந்தியச் சூழலுக்கென்று 2009இல் உருவாக்கப்பட்ட ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் அளவுகோலைப் பயன்படுத்தினார்கள். அதில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70ஐ எட்டினால் ஆட்டிசம் என்று கொள்வார்கள், 153ஐத் தாண்டினால் தீவிரம். குழந்தையைக் கவனிப்பதோடு, பெற்றோரையும் விரிவாகக் கேட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும். அன்று என்னை இரண்டு மணி நேரம் கேட்டார்கள். அவன் எப்படித் தூங்குவான், வலித்தால் என்ன செய்வான், யார் மடியில் உட்காருவான் என்று நான் சொன்ன ஒவ்வொன்றும் மதிப்பெண் ஆயிற்று. குழந்தையின் நிலையை எடைபோட அம்மாவின் வாய்மொழி வேண்டியிருக்கிறது. பயிற்சி தொடங்கியதும் அதே அம்மா கதவுக்கு வெளியே போய்விட வேண்டும் என்பது எந்த நியாயம் என்று எனக்கு அன்றைக்கே கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். அந்த நாட்களில் என்னிடம் பயம்தான் இருந்தது, கேள்வி இருக்கவில்லை.

அந்தக் கதவுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னாளில் தேடிப் படித்தேன். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மனநல மருத்துவர் 11 குழந்தைகளை விவரித்து எழுதியதுதான் ஆட்டிசம் பற்றிய முதல் முறையான பதிவுகளில் ஒன்று. அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் பாசத்தின் சூடு குறைவாக இருந்ததாகவும் அவர் எழுதினார். அந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு, பிறகு வந்தவர்கள் அம்மாவின் மனம் குளிர்பதனப் பெட்டியைப் போலச் சில்லிட்டிருப்பதால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிவிடுகிறது என்று கட்டியே விட்டார்கள். அம்மாதான் நோய் என்றால், அம்மாவிடமிருந்து பிரித்து வைப்பதுதானே மருந்து? அப்படிப் பிரித்தும் வைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா, இதற்கு உயிரியல் காரணங்களே அடிப்படை என்று ஆதாரங்களை அடுக்கிப் புத்தகம் எழுதிய பிறகுதான் அந்தப் பழி தளரத் தொடங்கியது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் என்னும் உளவியலாளர் இன்னும் ஒருபடி மேலே போய், பெற்றோரை இணைப் பயிற்சியாளர்களாகவே உட்காரவைத்தார். 1972இல் அந்த மாநில அரசு அவருடைய டீச் என்னும் ஆட்டிசப் பயிற்சித் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. காரணமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களையே ஆசிரியர்களாக்கிய அந்தத் திருப்பம்தான் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் என்பது என் எண்ணம். எங்கள் தெருவில் யாரும் கானரைப் படித்ததில்லை. இருந்தாலும் ‘நீ பிள்ளைகிட்டப் பேசாம போனையே பாத்துக்கிட்டு இருந்திருப்ப’ என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. பழி எந்த மொழியிலும் எளிதாக முளைத்துவிடுகிறது.

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெற்றோரே தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பருவா 1991இல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கினார். பெற்றோரும் குழந்தையும் சேர்ந்தே வகுப்புக்கு வந்து படித்துப் போகும் திட்டம் அங்கே நடக்கிறது. அந்த அமைப்பு தோன்றி நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசத்துக்கு இடமில்லை என்பதை நினைத்தால், அவர்கள் எவ்வளவு இருட்டில் நடந்திருக்கிறார்கள் என்பது புரியும். 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அந்தப் பெயரைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்றாயிற்று.

பதினைந்தாவது மாதம், பெஞ்சில் பழக்கமான ஒரு பாட்டி சொன்னதைக் கேட்டு வேறோர் இடத்துக்குப் போனேன். ஒரு சிறப்பாசிரியர் தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே நடத்திவந்த சிறிய இடம் அது. முதல் நாள் அவர் என் மகனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. பாயை விரித்து, ஒரு கூடைப் பொம்மைகளை வைத்து, ‘பத்து நிமிஷம் வீட்டுல விளையாடுற மாதிரி விளையாடுங்கம்மா’ என்று சொல்லிவிட்டு, செல்போனில் படம் பிடித்தார். மறுநாள் அந்தப் படத்தை என்னுடன் உட்கார்ந்து பார்த்தார். ‘நீங்க எத்தனை கேள்வி கேக்குறீங்கன்னு மட்டும் எண்ணுங்க’ என்றார். எண்ணினேன். பத்து நிமிடத்தில் 41 கேள்விகள். இது என்ன, இது என்ன கலர், காக்கா எப்படிக் கத்தும், அம்மா எங்கே, மூக்கு எங்கே. அதன் பிறகு அதே படத்தை மறுபடியும் ஓட்டி, ‘இப்ப அவன் உங்களை எத்தனை தடவை தேடுறான்னு பாருங்க’ என்றார். ஆறு முறை. மூடி சுழன்று விழுந்ததும் ஒரு கணம் என் கையைப் பார்க்கிறான். வண்டி கவிழ்ந்ததும் என் பக்கம் உடம்பைச் சாய்க்கிறான். அந்த ஆறில் நான்கு முறை, அடுத்த கேள்வியைக் கேட்கும் அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் என்னைத் தேடுவதில்லை என்றுதான் இரண்டு ஆண்டுகளாக அழுதுகொண்டிருந்தேன்.

அந்த மிஸ் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பழி ஒரு அம்மாவின் மனதை ஆராய்ந்தது. இவர் என் பத்து நிமிடத்தைக் காட்டி, அடுத்த பத்து நிமிடத்தில் எதை மாற்றலாம் என்று சொல்லித் தந்தார். கேள்வியைக் குறை, காத்திரு, அவன் பார்ப்பதை நீயும் பார், அவன் செய்வதற்கு ஒரு சொல்லைப் பக்கத்தில் வை. இவ்வளவுதான் முதல் மூன்று மாதப் பாடம். காத்திருப்பதுதான் இருப்பதிலேயே கடினம்.

படம் பிடித்துக் காட்டும் அந்த முறையை அவர் எங்கே கற்றார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அதே வழி பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருப்பதைப் பின்னர் அறிந்தேன். பிரிட்டனில் உருவான பாக்ட் என்னும் பெற்றோர்வழிப் பயிற்சியை நம் பக்கத்துக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயதுவரையுள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களோடு ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. ஆறு மாதத்தில் 12 செஷன்கள். நடத்தியவர்கள் பெரிய பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். பயிற்சி அளிக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். பயிற்சி பெற்ற பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் எதையாவது தெரிவிக்க முனைவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் செலுத்தும் நேரம் மட்டும் கூடவில்லை, குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு நிபுணர்கூடத் தேறாத நாட்டில், 12 செஷன்களில் ஒரு தாயையும் தகப்பனையும் கைதூக்கிவிட முடியும் என்பது சிறிய செய்தியா?

மொழியைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். எங்கள் முதல் மையத்தில் பயிற்சி முழுவதும் ஆங்கிலத்தில்தான். ‘சிட் டவுன்’, ‘கிவ் மீ கப்’, ‘குட் ஜாப்’. வீட்டிலும் ஒரே மொழி பேசுங்கள், இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், பள்ளிக்கும் ஆங்கிலம்தானே வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் கப் கிடையாது. டம்ளரும் டவராவும் சொம்பும்தான் உண்டு. நான் பட்டப்படிப்பில் கற்ற ஆங்கிலத்தை வைத்து அவனிடம் பேசிச் சமாளித்தேன். என் மாமியார் பேரனிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பல வாரங்கள் கழித்துத்தான் அதை நான் கவனித்தேன். கேட்டபோது, ‘எனக்குத்தான் இங்கிலீஷு வராதேம்மா, நான் ஏதாவது பேசி, பிள்ளைக்குக் கெடுதலா ஆயிடக் கூடாதுல்ல’ என்றார். அவனுக்குத் தாலாட்டு பாடித் தூங்கவைத்தவர் அவர். ஒரு நாளில் அவனோடு அதிக நேரம் இருப்பவரும் அவரே. பேசக் கற்பிக்கிறோம் என்ற பெயரில் அந்த வீட்டில் அதிகம் பேசிய வாயை அடைத்துவிட்டோம். இரு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்த அறிவுரையைத் தந்தவர்கள் இதைத் தேடிப் படித்திருக்கலாம்.

புதிய மிஸ் தமிழுக்கு மாற்றினார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கடையில் வாங்கிய பட அட்டைகளில் ‘நீர்’, ‘உணவு’, ‘கழிவறை’ என்று அச்சிட்டிருந்தது. எந்த வீட்டில் குழந்தை ‘நீர்’ கேட்கிறது? எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே நம் மொழியில் இருக்கும் தூரத்தை மற்றக் குழந்தைகள் தாமாகவே தாண்டிவிடுகிறார்கள். சொல்லைச் சொல்லாகவே பிடித்துக்கொள்ளும் குழந்தைக்கு அது இன்னொரு அந்நிய மொழி. எங்கள் வீட்டுச் சொம்பையும், எங்கள் குளியலறைப் பச்சைக் கதவையும், அப்பாயியின் மூக்குக் கண்ணாடியையும் படம் எடுத்து, அட்டையாக்கி, அடியில் ‘தண்ணி’, ‘பாத்ரூம்’, ‘அப்பாயி’ என்றே எழுதினோம். தமிழாசிரியரான ஓர் உறவினர், பிள்ளைக்கு முதல் எழுத்தே கொச்சையாகவா என்று வருந்தினார். அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் தாகத்துக்கு முதலில் ஒரு சொல் வேண்டும்.

அவனுக்கு அந்தச் சொல் வேறு வடிவத்தில் ஏற்கெனவே இருந்தது. நான்கு வயதில் அவன் சொன்ன முதல் முழுச் சொற்றொடர், ‘தண்ணி வேணுமா?’ என்பது. தாகம் எடுத்தால் அப்படித்தான் சொல்வான், எங்கள் குரலின் ஏற்றத்தையும் அப்படியே வைத்து. நாங்கள் அதைத்தானே அவனிடம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். அந்த ஓசை வந்தால் தண்ணீர் வரும் என்பது அவனுடைய நியாயமான முடிவு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள்; அது வெறும் கிளிப்பேச்சு, நிறுத்த வேண்டும் என்று முதல் மையத்தில் எழுதினார்கள். மிஸ் வேறு விதமாகச் சொன்னார்: அவன் பேசிவிட்டான், சொல்லின் முனை மட்டும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆகவே இனிமேல் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், அவன் வாயிலிருந்து வர வேண்டியதையே சொல்லிக் கொடுங்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சொம்பை நீட்டும் எல்லோரும், காய்கறிக்காரம்மா உட்பட, ‘தண்ணி வேணும்’ என்று சொல்லியே நீட்டினார்கள். வேணும் என்ற சொல் அவனிடமிருந்து வர ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதமும் மாமியார்தான் முக்கிய ஆசிரியர். செஷனுக்கு என்னோடு வந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மிஸ் சொல்வதைக் கேட்டு, வீட்டுக்கு வந்து என்னைத் திருத்துவார். அப்பாக்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை ஒரு வகுப்பும் இருந்தது; கணவர் கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் வந்து அதில் உட்கார்ந்து, அன்றிரவே திரும்புவார்.

இந்த வழி அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு மட்டும் உரியதன்று. தியாகராய நகரில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையத்தின் ஆரம்பநிலைப் பயிற்சியில் அம்மாக்கள் குழந்தைகளுடன் சேர்ந்தே கற்கிறார்கள். முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பன்முகக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டுக்கும் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனமே பராமரிப்போருக்கென்று 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட ஒரு பயிற்சியை வகுத்திருக்கிறது; வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். 40 மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1987இல் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் நடத்தைப் பயிற்சி தந்ததாகவும், அவர்களில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே ஆகிவிட்டதாகவும் எழுதினார். அந்த ஒன்பது என்ற எண் உலகம் முழுக்கப் பெற்றோரின் உறக்கத்தைக் கெடுத்தது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதும், உரத்த அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதும் அந்த எண்ணோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை. நடத்தைப் பயிற்சி அதன் பிறகு வெகுவாக மாறியிருக்கிறது, பலருக்கு உதவியும் இருக்கிறது. ஆயினும் ‘மற்றக் குழந்தைகளைப் போல’ என்ற இலக்கு இன்னும் பல அறைகளில் உட்கார்ந்திருக்கிறது. முதல் மையத்தில் என் மகன் கையைச் சிறகடிப்பது போல ஆட்டினால், இரண்டு கைகளையும் மேசைமேல் அழுத்திப் பிடிப்பார்கள். ஒரு நாள் மணிக்கட்டில் சிவந்திருந்ததைப் பார்த்து நான் அறிந்தது அது. அவன் மகிழ்ச்சியிலும் கையை ஆட்டுவான், சத்தம் தாங்காதபோதும் ஆட்டுவான். அதை அடக்கிய நாட்களில் இரவு தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். 1993இல் டொரான்டோவில் நடந்த மாநாட்டில், தாமே ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர், பெற்றோர் அழுவது தாங்கள் எதிர்பார்த்து வராமல் போன குழந்தைக்காகத்தான், அந்தத் துக்கத்தை வந்திருக்கும் குழந்தையின்மேல் இறக்கிவைக்க வேண்டாம் என்ற பொருளில் பேசினார். அதைப் படித்தபோது மகனுக்கு ஏழு வயது. அன்று இரவு அவன் தூங்கிய பிறகு அவன் மணிக்கட்டை எடுத்து நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை, வெளிநோயாளி தெரபிச் செலவு உட்பட, உதவுகிறது. சான்றிதழ் பெற்ற உடனே சேருங்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் உரிமை. அருகிலுள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, தேர்வு நம்முடையது. ‘இந்தக் குழந்தைக்கு எங்களிடம் வசதியில்லை’ என்று சொன்ன மூன்று பள்ளிகளின் வாசலிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் இந்தச் சட்டப்பிரிவு எனக்கு மனப்பாடம் ஆயிற்று. நான்காவது பள்ளியின் தலைமையாசிரியை, சட்டம் எதுவும் பேசாமல், அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது என்று கேட்டார். அங்கேதான் சேர்த்தோம். இடைவேளை மணியடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பாக அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இப்போது அவனுக்குப் பதினான்கு வயது. 21ஜி பஸ் எங்கே புறப்பட்டு எங்கெல்லாம் நிற்கும் என்று வரிசை மாறாமல் சொல்வான். தனியாக ஏற இன்னும் பழகவில்லை, அதற்குத்தான் இப்போதைய பயிற்சி. நிறுத்தத்தில் நான் பத்தடி தள்ளி நிற்கிறேன், அடுத்த மாதம் இருபதடி. தெரபி என்ற சொல்லை வீட்டில் நாங்கள் இப்போது அதிகம் சொல்வதில்லை.

மாமியாருக்குக் கண்புரை அறுவை செய்து போன மாதம் படுத்திருந்தார். ஒரு பிற்பகல் அவன் சமையலறையிலிருந்து சொம்பைத் தூக்கிக்கொண்டு, பாதித் தண்ணீரைத் தரையில் சிந்தியபடி வந்து, அவர் கட்டிலருகே நின்று, ‘தண்ணி வேணுமா?’ என்றான். பல ஆண்டுகளாக அந்தச் சொற்றொடர் எங்கள் வீட்டில் அவனுடைய தாகத்தைத்தான் குறித்தது. இன்று அவன் கேட்கிறானா, கொடுக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். மாமியார் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சொம்பை வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவனிடம் நீட்டினார். அவன் குடித்தான்.